கடைவீதியின் பழைய கட்டடங்கள்: வாடகைக்கு விட்டுக் காக்கும் முறை

தென்காசி மாவட்டம் சிவகிரி வட்டத்திலுள்ள ராயகிரி பேரூராட்சியிலும், அதன் சுற்றுவட்டாரத்தில் உள்ள சிவகிரி, வாசுதேவநல்லூர், புளியங்குடி, சங்கரன்கோவில் ஆகிய ஊர்களிலும் பழைய கட்டடம் ஒன்றை நெடுநாள் நிற்க வைப்பது பெரும்பாலும் அதன் வாடகைதான். இந்த இயலில் பழைய கட்டடம் என்பது, சிமெண்ட் பரவலாகும் முன் சுண்ணாம்புக் காரையால் எழுப்பப்பட்டு, தேக்குச் சட்டமோ பனங்கையோ தாங்கும் கூரையுடன், முன்புறம் கடையும் பின்புறம் குடியிருப்புமாக அமைந்த கடைவீதிக் கட்டடத்தையும், ரதவீதி வீட்டையும், ஒரு பொதுக் கிணற்றையும் முற்றத்தையும் சுற்றிப் பல சிறு வீடுகள் அமைந்த வளவையும் குறிக்கும். 1966-ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுத் தொல்லியல் சட்டம் அரசு அறிவித்த நினைவுச் சின்னங்களையே காக்கிறது. மத்திய அரசு பாதுகாக்கும் சின்னத்தின் எல்லையிலிருந்து 100 மீட்டர் வரை புதுக் கட்டுமானத்தைத் தடுத்து, அதற்கப்பால் மேலும் 200 மீட்டரை ஒழுங்குபடுத்தும், மத்தியச் சட்டத்தின் 2010-ஆம் ஆண்டுத் திருத்தம் அத்தகைய சின்னத்தின் அருகில் மட்டுமே பொருந்தும். தமிழ்நாடு மரபுடைமை ஆணையத்துக்கான சட்டம் 2012-இல் இயற்றப்பட்டபோதிலும், சிற்றூர்க் கடைவீதியில் தனியாருக்குச் சொந்தமான ஒரு மச்சுக் கடையைக் காப்பதற்கு உரிமையாளரின் மனமும், அவர் கைக்கு வரும் வாடகையும் தவிர வேறு துணை அரிதாகவே உள்ளது.

ஆகவே, எந்தக் காரை பூசுவது, எந்த ஓடு மாற்றுவது என்ற கேள்விகளுக்கு முன்னதாக, யாருக்கு விடுவது, எவ்வகை ஒப்பந்தத்தில் விடுவது, வரும் வாடகையில் எவ்வளவு கட்டடத்துக்கே திரும்ப வேண்டும் என்ற கேள்விகளுக்கு உரிமையாளர் விடை கண்டாக வேண்டும். கொத்தனாரின் கைத்திறன் கெடுத்த கட்டடங்களைக் காட்டிலும் வாடகைப் பேச்சு கெடுத்த கட்டடங்களே எண்ணிக்கையில் மிகுதி என்பது இந்நூலின் கருத்து.

கட்டடத்தை அறிதல்

சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை உள்வாங்கி மெல்ல வெளிவிடும் இயல்புடையது. நீற்றிய சுண்ணாம்பைப் பல நாள் ஊற வைத்து, மணலோடு செக்கில் அரைத்து, கடுக்காயும் கருப்பட்டியும் ஊறிய நீரைச் சேர்த்துப் பூசிய பழைய பூச்சு, சுவரின் இந்த இயல்போடு ஒத்துப்போவதால்தான் தலைமுறைகள் கடந்தும் நிற்கிறது. அத்தகைய சுவரின் மேல் சிமெண்ட் பூச்சுப் பூசினால் உள்ளிருக்கும் ஈரம் வெளியேற வழியின்றித் தங்கி, உப்புப் பூத்து, பூச்சைப் பொறுக்குப் பொறுக்காகப் பெயர்ப்பதோடு, செங்கல்லையும் அரித்துவிடுகிறது. குடிவருபவர் புதுப் பூச்சு கேட்கிறார் என்பதற்காகச் சிமெண்ட் பூசி, அதன்மேல் பிளாஸ்டிக் வகைப் பெயிண்ட்டும் அடித்துக் கொடுக்கும் உரிமையாளர், அடுத்த சில மழைக்காலங்களுக்குப் பின் அதே சுவருக்கு இருமடங்கு செலவு செய்ய நேரிடும். சுண்ணாம்பு வெள்ளையடிப்பு மலிவானதும் சுவருக்கு உகந்ததும் ஆகும். கையில் வெள்ளை ஒட்டும் என்னும் குறையைச் சற்றுப் பசை சேர்த்துக் குறைக்கலாம்.

கூரையே இக்கட்டடங்களின் உயிர்நிலை. மெட்ராஸ் தளம் எனப்படும் மொட்டைமாடி அமைப்பில், தேக்குச் சட்டங்களின் மேல் சிறு செங்கற்களைச் சாய்வாக நிறுத்தி அடுக்கி, அதன்மேல் செங்கல் சல்லி கலந்த சுண்ணாம்புக் காரையை இடித்து இறுக்கி, மேலே தட்டோடு பதிப்பார்கள். இத்தளத்தில் ஒழுக்கு கண்டதும், பழுதை அகற்றாமல் அதன்மேலேயே புதிய சிமெண்ட் தளமொன்றைப் போடும் வழக்கம் பல ஊர்களிலும் உண்டு; ஒவ்வொரு புதுத் தளமும் சட்டத்தின்மேல் ஏறும் கூடுதல் சுமையாகிறதே தவிர, ஒழுக்கின் காரணம் அப்படியே இருக்கிறது. கடைக்குடியிருப்பவர் மாடியில் வைக்கும் தண்ணீர்த் தொட்டியும் இதே வகைப்பட்டது: 1,000 லிட்டர் கொள்ளும் பிளாஸ்டிக் தொட்டி நிரம்பினால் நீர் மட்டுமே ஒரு டன் எடை. அதைச் சட்டங்களின் நடுவில் வைக்காமல், கீழிருந்து எழும் சுவருக்கு நேர் மேலே இரும்புச் சட்டகம் அமைத்து வைப்பதும், இயன்றால் பின்முற்றத்தில் தனித் தூண்களின் மேல் நிறுத்துவதும் வேண்டும். சங்கரன்கோவில் ஆடித்தபசு போன்ற விழாக்களின்போது ரதவீதி மாடிகளில் ஏறி நிற்கும் கூட்டமும் இத்தகைய சுமைதான் என்பதால், விழா நாளில் மாடிக்கதவைப் பூட்டிச் சாவியை உரிமையாளரே வைத்துக்கொள்ளும்படி ஒப்பந்தத்தில் எழுதுவது மிகையான எச்சரிக்கை ஆகாது.

மலையடிவாரத்துக்கு அருகில் உள்ள இவ்வூர்களுக்கு ஐப்பசி, கார்த்திகையின் வடகிழக்குப் பருவமழையோடு ஆனி, ஆடியின் சாரலும் உண்டு. சாரல் அளவில் குறைவு. ஆனால் காற்றோடு சேர்ந்து மேற்குச் சுவரை நாட்கணக்கில் நனைக்கும். எனவே மேற்குப்புறத்துத் தாழ்வாரத்தையோ ஓட்டு இறக்கத்தையோ இடமடைக்கிறது என்று வெட்டியெடுப்பது சுவருக்குக் குடை நீக்குவதற்குச் சமம். கைப்பிடிச் சுவரில் முளைக்கும் அரசங்கன்றையும் ஆலங்கன்றையும் முதல் இலை விடும்போதே வேரோடு களைய வேண்டும். வெறுமனே ஒடித்தால் அது வேரைப் பருக்க வைத்துச் சுவரைப் பிளக்கும். புரட்டாசி முடிவதற்குள் தூம்புவாய்களைத் துப்புரவாக்கி, உடைந்த ஓடுகளை மாற்றி, முற்றத்து நீர் வடிகாலுக்குப் போகிறதா என்று வாளி நீர் ஊற்றிப் பார்த்துவிட வேண்டும். 2014 நவம்பர் இறுதியில் பெய்த கனமழையில் புதுச்சேரியின் கடற்கரையோர மேரி கட்டடம் இடிந்து விழுந்ததும், அதே வடிவில் அதைத் திரும்பக் கட்டி முடிக்க 2021 வரை ஆனதும், பராமரிப்பைத் தள்ளிப்போடுவதன் விலையை யாரும் கணக்கிட்டுக்கொள்ளப் போதுமான சான்று.

குடியிருப்பவரைத் தேர்ந்தெடுத்தல்

கட்டடத்தின் அமைப்புக்கு ஏற்ற தொழிலைத் தேட வேண்டுமேயன்றி, வந்த தொழிலுக்கு ஏற்பக் கட்டடத்தை வெட்டக்கூடாது. தடித்த சுவர்களும் சிறு அறைகளும் நடுவில் முற்றமும் உள்ள வீடு, வழக்கறிஞர் அலுவலகத்துக்கும் சித்த மருத்துவ நிலையத்துக்கும் தையலகத்துக்கும் மாலை நேரத் தனிப்பயிற்சி வகுப்புக்கும் பொருந்தும். குளிர்சாதனமும் கண்ணாடி முகப்பும் கேட்கும் துணிக்கடைக்கும் நகைக்கடைக்கும் பொருந்தாது. அத்தகைய கடைக்காரர் கூடுதல் வாடகை தருவதாகச் சொல்வது உண்மைதான் என்றாலும், அதற்கு ஈடாக அவர் கேட்பது திண்ணையை இடித்து இரும்பு ஷட்டர் போடுவதும், நடுச்சுவரை எடுத்துவிட்டுக் கூடத்தை விரிப்பதுமாக இருக்கும். திண்ணையும் மரத்தூணும் போனபின் அக்கட்டடம் தன் அடையாளத்தை இழப்பதோடு, மேல்தளத்தின் பாரத்தைச் சுமந்த உறுப்பையும் இழக்கிறது. சுவரை எடுத்த இடத்தில் இரும்பு உத்தரம் வைத்துவிட்டதாகச் சொல்லப்படும் பல கடைகளில் அந்த உத்தரத்தின் இரு முனைகளும் எதன்மேல் அமர்ந்துள்ளன என்பதை யாரும் பார்த்ததில்லை.

சில தொழில்கள் வெளிப்பார்வைக்குத் தீங்கற்றவையாகத் தோன்றி உள்ளே கெடுக்கும். அரிசி, உரம், சிமெண்ட் மூட்டைகளின் கிட்டங்கியாக மச்சு பயன்பட்டால் மரச்சட்டம் தொய்யும். உரமூட்டையின் உப்பு சுவரில் ஏறும். அடகுக்கடையின் இரும்புப் பெட்டகத்தைத் தரைத்தளத்தில் மட்டுமே வைக்க அனுமதிக்க வேண்டும். மரக்கூரையின் கீழ் வடை அடுப்பும் பரோட்டாக் கல்லும் இயங்கும் உணவகத்தைத் தவிர்ப்பதே அறிவுடைமை. கொடுத்தே ஆக வேண்டுமெனில் அடுக்களையை முற்றத்துக்கு அப்பால், ஓடோ தகரமோ வேய்ந்த தனி இறக்கத்தில் அமைக்கச் சொல்ல வேண்டும். பழைய மின்கம்பிகளைப் புதிய குடியிருப்பவர் வரும்முன் முழுதும் மாற்றிவிடுவதும், குளிர்சாதனக் கருவியின் வெளிப்பெட்டியைச் சுண்ணாம்புச் சுவரில் தொங்கவிடாமல் தரையில் நிறுத்துவதும், கடைக்கும் வீட்டுக்கும் தனித்தனி மின்னளவி வைப்பதும் இதனோடு சேர்ந்தவை.

அரசு அலுவலகங்கள் இத்தகைய கட்டடங்களுக்கு நல்ல குடியிருப்பாளர்கள் என்பது பொதுவாக மறக்கப்படுகிறது. பொதுப்பணித் துறை வாடகை நிர்ணயச் சான்று தரும் தொகை சந்தை வாடகையைவிடக் குறைவாக அமையலாம். ஆனால் அலுவலகம் சுவரை இடிப்பதில்லை, இரவில் அடுப்பு மூட்டுவதில்லை, எளிதில் இடம்பெயர்வதும் இல்லை.

தங்கும் விடுதியாக மாற்றும் எண்ணம் செட்டிநாட்டைக் கண்டு பலருக்கும் எழுகிறது. கானாடுகாத்தானின் விசாலம், கடியாபட்டியின் சிதம்பர விலாஸ், 1910-இல் கட்டப்பட்டுப் பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர் இருவரால் மீட்டெடுக்கப்பட்ட கொத்தமங்கலம் சாரதா விலாஸ், காரைக்குடியின் பங்களா ஆகியவை அவ்வகையில் வெற்றி கண்டவை. ஆயினும் அங்கே விருந்தினரை வரவழைப்பது ஒரு வீடு மட்டுமன்று. தெருக்கள்தோறும் நிற்கும் வீடுகளின் தொகுதியும், 2014-இல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் ஏறிய பெயரும், சமையலும் சேர்ந்தே அதைச் செய்கின்றன. ராயகிரியில் ஒற்றை வீட்டை விடுதியாக்கி, குற்றாலச் சாரல் காலத்துக் கூட்டத்தை நம்பி வங்கிக் கடன் வாங்குவது துணிச்சலான முடிவாகவே இருக்கும். இவ்வட்டாரத்துக்கு ஏற்ற பாடத்தைப் புதுச்சேரியின் வைசியாள் வீதி தருகிறது. அங்கே மரபுடைமைப் பாதுகாப்பு அமைப்பான இன்டாக்கும் ஐரோப்பிய நிதியும் துணைநிற்க ஒரு தெருவின் முகப்புகள் முழுவதும் சேர்த்துச் சீரமைக்கப்பட்டதும், அதற்கு 2008-இல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் விருது கிடைத்ததும், வீடுகள் வீடுகளாகவே இருந்துகொண்டு நடந்தன. ஒரே வரிசையில் மூன்று நான்கு உரிமையாளர்கள் கூடிப் பெயர்ப்பலகையின் அளவையும் முகப்பின் நிறத்தையும் ஒப்புக்கொள்வதற்கு ஐரோப்பிய நிதி தேவைப்படாது.

ஒத்தி, அட்வான்ஸ், வாடகை

தென்மாவட்டங்களில் வீடு விடும் முறைகளுள் ஒத்தி பரவலானது. குடியிருப்பவர் ஒரு பெருந்தொகையை உரிமையாளரிடம் கொடுத்து, வாடகையின்றிக் குடியிருந்து, காலம் முடிந்ததும் அத்தொகையைத் திரும்பப் பெறுவார். 1882-ஆம் ஆண்டுச் சொத்துரிமை மாற்றச் சட்டத்தின் நோக்கில் இது அனுபவ அடமானத்தின் சாயலுடையது. அச்சட்டத்தின் 76-ஆம் பிரிவு, அனுபவத்தில் வைத்திருக்கும் அடமானதாரர் சொத்தின் வருவாயைக் கொண்டு தேவையான பழுதுபார்ப்பைச் செய்ய வேண்டும் என்கிறது. நடைமுறையில் நடப்பது வேறு. ஒத்திப் பணம் மகளின் திருமணத்துக்கோ கடனடைக்கவோ செலவாகிவிடுகிறது. மாதவருவாய் இல்லாத உரிமையாளர் ஓடு மாற்றக் காசில்லை என்கிறார். தன்னுடையதல்லாத வீட்டுக்கு ஏன் செலவிட வேண்டும் என்று குடியிருப்பவர் நினைக்கிறார். திருப்பித் தரப் பணமில்லாததால் ஒத்தி புதுப்பிக்கப்பட்டுக்கொண்டே போகிறது. பழைய கட்டடத்துக்கு இதைவிடப் பொருந்தாத ஏற்பாடு வேறில்லை. ஒத்தியில் இருக்கும் வீட்டை மெல்ல வாடகைக்கு மாற்றுவதே முதல் வேலை: ஒத்தித் தொகையின் ஒரு பகுதியைத் திருப்பிக் கொடுத்து, மீதிக்கு ஈடாகக் குறைந்த மாதவாடகை பேசி, சில ஆண்டுகளில் முழு வாடகைக்கு வந்து சேரலாம். மாற்ற இயலாத இடத்தில், பத்திரத்தை எழுதிப் பதிவு செய்து, பழுதுபார்ப்பு யாருடையது என்பதை அதில் ஐயமறக் குறிக்க வேண்டும்.

வாடகையைப் பொறுத்தவரை, 1960-ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் இடத்தில், நில உரிமையாளர், வாடகைதாரர் ஆகியோரின் உரிமைகளையும் பொறுப்புகளையும் ஒழுங்குபடுத்தும் 2017-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் உள்ளது. பழைய கட்டடத்தின் உரிமையாளருக்கு இச்சட்டத்தில் பயனுள்ள கூறுகள் பல. ஒப்பந்தம் எழுத்தில் அமைந்து வாடகை அதிகாரியிடம் பதிவாக வேண்டும். மாறாக ஒப்புக்கொள்ளாவிடில் முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேற்படக்கூடாது. கட்டமைப்புப் பழுது, வெள்ளையடிப்பு, குழாய், மின்கம்பி ஆகியவை உரிமையாளரின் பொறுப்பு; குழாய்த்திருகு, சுவிட்ச், பூட்டு, சாக்கடைத் துப்புரவு போன்றவை குடியிருப்பவரின் பொறுப்பு என அட்டவணையே பிரித்துத் தருகிறது. உரிமையாளர் பழுதுபார்க்க மறுத்தால் குடியிருப்பவர் தாமே செய்து வாடகையில் கழித்துக்கொள்ளலாம். ஒரு மாதத்தில் கழிக்கும் தொகை அம்மாத வாடகையில் பாதியைத் தாண்டக்கூடாது. குடியிருப்பவரின் சம்மதத்தோடு உரிமையாளர் கட்டடத்தை மேம்படுத்தினால் அதற்கேற்ப வாடகையைக் கூட்டவும் இடமுண்டு. முன்னறிவிப்பு கொடுத்து உள்ளே வந்து பார்க்கும் உரிமையையும் சட்டம் உரிமையாளருக்கு அளிக்கிறது. அதைப் புரட்டாசியிலும் தை பிறந்தபின்னும் தவறாமல் பயன்படுத்தினால், ஒழுக்கைச் சுவர் ஊறும்முன் கண்டுபிடிக்கலாம்.

சட்டம் சொல்லாத, ஆனால் பழைய கட்டடத்துக்கு இன்றியமையாத சிலவற்றை ஒப்பந்தத்தில் உரிமையாளரே சேர்க்க வேண்டும்: சுவரில் சிமெண்ட் பூசுவதில்லை, ஆணி, போல்ட்டு அடிக்கும் இடங்களை முன்கூட்டிக் காட்டுவது, தேக்குக் கதவு, நிலை, பித்தளைக் குமிழ், காவித் தரை ஆகியவற்றின் புகைப்படப் பட்டியல் ஒப்பந்தத்தின் பகுதி, மாடியின் சுமை வரம்பு. ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகை 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டப்படிப் பதிவாக வேண்டும் என்பதைத் தவிர்க்கவே 11 மாத ஒப்பந்தம் வழக்கமாயிற்று. ஆனால் 11 மாதமே உறுதியான குடியிருப்பவர் கட்டடத்தின்மேல் அக்கறை கொள்ள மாட்டார். நல்ல குடியிருப்பாளர் அமைந்தால், ஐந்தாண்டுக் காலமும் ஆண்டுதோறும் ஏறும் வாடகையும் எழுதிப் பதிவு செய்வதே இருவருக்கும் நலம்.

வாடகை மிகக் குறைந்து உறைந்துபோனால் என்னவாகும் என்பதற்கு மும்பை சான்று. 1947-ஆம் ஆண்டுச் சட்டம் அங்கே 1940-ஆம் ஆண்டு அளவில் வாடகையை நிறுத்தியதால், பழுதுபார்க்க உரிமையாளருக்கு ஊக்கமே இல்லாமல் போனது. 1997-இல் உச்ச நீதிமன்றம் அந்நிலையை நியாயமற்றதெனக் கூறியது. கட்டுப்பாடு திடீரென நீங்கினால் என்னவாகும் என்பதற்கு, தமிழர் கடைவீதி ஒன்றையும் தன்னுள் கொண்ட பினாங்கின் ஜார்ஜ் டவுன் சான்று. 1966-ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாடு 2000-ஆம் ஆண்டு தொடக்கத்தில் முடிவுக்கு வந்ததும் வாடகை தாவி ஏற, தலைமுறைகளாக இருந்த குடும்பங்களும் கைவினைஞரும் வெளியேறினர். காலியான கடைவீடுகள் சிலவற்றில் உழவாரக் குருவிக் கூட்டுக்காக உள்ளே ஈரமேற்றும் பண்ணைகள் புகுந்து சுவரையும் மரத்தையும் கெடுத்தன. ராயகிரியின் உரிமையாளர் இவ்விரண்டிலிருந்தும் எடுத்துக்கொள்ள வேண்டியது, வாடகையை ஆண்டுதோறும் சிறிது சிறிதாக ஏற்றும் பழக்கம்.

பங்காளிகளும் பணக்கணக்கும்

பழைய கட்டடம் பெரும்பாலும் பாகப்பிரிவினை ஆகாத சொத்தாக இருக்கும். இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் தமிழ்நாடு செய்த 1989-ஆம் ஆண்டுத் திருத்தமும், நாடு முழுவதற்குமான 2005-ஆம் ஆண்டுத் திருத்தமும் மகள்களுக்குச் சமபங்கு அளித்துள்ளதால், சென்னையிலும் வெளிநாட்டிலும் உள்ள பங்குதாரர்களும் கணக்கில் வருவர். வாடகை வாங்குபவர் ஒருவர், பழுதுக்குக் கேட்கப்படுபவர் மற்றொருவர் என்ற நிலையில் எந்தக் கூரையும் நிலைக்காது. எல்லாப் பங்குதாரரும் ஒருவருக்கு அதிகாரப்பத்திரம் எழுதிக் கொடுத்து, கட்டடத்தின் பெயரால் தனி வங்கிக் கணக்குத் தொடங்கி, வாடகையில் முதற்பங்கு கட்டடத்துக்கும் எஞ்சியதே பங்காளிகளுக்கும் என்று குடும்ப ஏற்பாட்டில் எழுதிவிட வேண்டும். அந்த முதற்பங்கு எவ்வளவு என்பதற்கு வருமான வரிச் சட்டமே ஓர் அளவைத் தருகிறது: சொத்துவரி போக மீந்த வாடகையில் 30 விழுக்காடு, உண்மையில் செலவானாலும் ஆகாவிட்டாலும், கழிவாக ஏற்கப்படுகிறது. மாதம் 10,000 ரூபாய் வாடகை தரும் கடைக்கு, சொத்துவரியைச் சிறு தொகையெனத் தள்ளி வைத்தால், ஆண்டுக்கு 36,000 ரூபாய் கட்டடக் கணக்கில் சேரும். ஓரிரு ஆண்டுகளில் செலவாகாமல் நின்றாலும், கூரைச் சட்டம் ஒன்றை மாற்ற நேரும் ஆண்டில் அதுவே கைகொடுக்கும்.

கோயில் நகரங்களில் இன்னொரு சிக்கலும் உண்டு: கட்டடம் குடும்பத்துக்கும், மனை கோயிலுக்கும் உரியதாக இருந்து, அடிமனை வாடகை செலுத்தப்பட்டு வரலாம். 1959-ஆம் ஆண்டு இந்து சமய அறநிலையச் சட்டத்தின் 34-ஆம் பிரிவு ஐந்தாண்டுக்கு மேற்பட்ட குத்தகைக்கு ஆணையரின் அனுமதியைக் கோருவதால், அத்தகைய மனையிலுள்ள கட்டடத்தை மூன்றாமவருக்கு நீண்டகாலம் விடும்முன், அடிமனை ரசீதும் கோயில் அலுவலகத்தின் எழுத்து இசைவும் கையில் இருக்க வேண்டும். இல்லையேல் குடியிருப்பவர் செய்த செலவும் உரிமையாளர் வாங்கிய முன்பணமும் ஒருசேர வழக்கில் சிக்கும்.

குடியிருப்பவர் காலி செய்யும் நாளில், ஒப்பந்தத்தோடு இணைத்த புகைப்படப் பட்டியலைக் கையில் வைத்து இருதரப்பும் அறை அறையாகப் பார்க்க வேண்டும். கூரைச் சட்டங்களின் முனை சுவருக்குள் நுழையுமிடத்தைத் திருப்புளியால் குத்திப் பார்ப்பது அன்றைய முக்கிய வேலை. நுனி உள்ளே இறங்கினால் கறையானோ ஈரமோ மரத்தைத் தின்றிருக்கிறது என்று பொருள். சாமான்கள் அகன்று அறை வெறுமையாக இருக்கும் அவ்விரண்டொரு வாரமே முட்டுக்கொடுத்துச் சட்டத்தை மாற்ற ஏற்ற காலம் என்பதால், அடுத்தவரிடம் முன்பணம் வாங்கும்முன் தச்சரை வரவழைக்க வேண்டும்.